கணக்கேடு அழியாதிருக்க இரண்டாவது வழி



கணிப்பொறித் துறை மாணவர்களுக்கு மட்டுமின்றி, வணிகவியலும் வரலாறும் பயிலும் நம் சங்க உறுப்பினர் அனைவருக்கும் பயன்படக்கூடிய ஒரு கேள்வியை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறேன். ஒரு நிறுவனத்தின் கணக்கேட்டைத் தாங்கி நிற்கும் தரவுத்தள சர்வரில் வட்டுகளை எவ்வாறு அடுக்க வேண்டும்? ஒரு வட்டு பழுதானாலும், ஏன், ஒரு பெட்டியே பழுதானாலும், கணக்கு அழியாமலும் வேலை நில்லாமலும் இருக்க என்ன செய்ய வேண்டும்? இதுதான் கேள்வி.

இஃது ஏதோ பொறியாளர் கவலை என்று ஒதுக்கிவிடாதீர்கள். கருநாடக அரசின் ‘பூமி’ திட்டத்தைப் பாருங்கள். 2000ஆம் ஆண்டையொட்டிய சில ஆண்டுகளில் சுமார் 67 லட்சம் நில உடைமையாளர்களின் ஏறத்தாழ 2 கோடி ஆவணங்கள் அத்திட்டத்தின்கீழ்க் கணிப்பொறியில் ஏற்றப்பட்டன. தாலுகா தாலுகாவாக அவ்வேலை முடிய முடிய, கையால் எழுதிய பஹணி செல்லாதென்று அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் சிட்டா, அடங்கல் என்று நாம் சொல்வதற்கு ஒப்பானது அங்கே பஹணி. கையேடு செல்லாத நாள் முதல், உழவனின் நிலத்துக்குச் சான்று வட்டில் உள்ள பதிவேயாகும். அந்த வட்டு எவ்வாறு காக்கப்படுகிறது என்று கேட்பது உழவனின் உரிமை. அதற்கு விடை சொல்லக் கற்பது நம் கடமை.

சுரங்கம் கற்பித்த பாடம்

நான் மாரிகுப்பத்தைச் சேர்ந்தவன். பங்காருப்பேட்டையில் பிரியும் கிளைப் பாதை கோலார் தங்கவயலினூடே 16 கிலோமீட்டர் ஓடி முடியும் கடைசி நிலையம் எங்கள் ஊர். எட்கர், கிஃபர்டு என்று ஷாஃப்டுகளின் பெயர்களைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போயிற்று. அவ்வளவு ஆழத்தில் வேலை செய்யும் ஊரில் எவருக்கும் சொல்லித் தர வேண்டாத ஓர் உண்மை உண்டு: கீழே இறங்கும் மனிதனுக்கு மேலே வர இரண்டு வழி வேண்டும்.

இவ்வுண்மையை உலகம் பெருவிலை கொடுத்தே கற்றது. இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்துப் பகுதியில் ஹார்ட்லி என்னும் நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. அதற்கு ஒரே ஷாஃப்டு. 1862 ஜனவரி 16ஆம் நாள், நீரிறைக்கும் எந்திரத்தின் 42 டன் எடையுள்ள வார்ப்பிரும்பு உத்தரம் முறிந்தது. ஏறத்தாழ அதன் பாதி ஷாஃப்டுக்குள் விழுந்து வழியை அடைத்தது. ஆடவரும் சிறுவருமாக 204 பேர் மாண்டனர். அவ்வாண்டே அந்நாட்டில் சுரங்கத்துக்கு இரண்டு வழி வேண்டும் என்று சட்டம் வந்தது. நம் நாட்டில் 1961ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க விதிகளும் இரண்டு வெளிவழிகளை வற்புறுத்துகின்றன.

ஹார்ட்லியில் நாம் கருத வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அந்த ஒற்றை ஷாஃப்டை நடுவே மரப்பலகையால் தடுத்து, ஒருபுறம் காற்று இறங்கவும் மறுபுறம் ஏறவும் செய்திருந்தார்கள். காற்றுக்கு அது இரண்டு வழி. விழுந்த உத்தரத்துக்கோ அது ஒரே வழி. பலகையும் வழியும் ஒருசேர நொறுங்கின. நம் ஆராய்ச்சிக்குத் திறவுகோல் இதுவேயாகும். எத்தனை வழிகள் இருக்கின்றன என்று எண்ணுவது போதாது. எவையெவை ஒரே அடியில் அழியும் என்று எண்ண வேண்டும்.

ஒரு கற்பனைச் சங்கம்

எடுத்துக்காட்டாக, மாரிகுப்பத்தில் ஒரு கூட்டுறவுச் சிக்கனச் சங்கம் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டபின், எங்கள் மக்களில் பெருந்தொகையினர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூரு சென்று உழைத்து இரவில் திரும்புகின்றனர். அவர்கள் மாதந்தோறும் மிச்சம் பிடித்துப் போடும் பணம் இச்சங்கத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு, கையெழுத்துப் படிமம், கடன் பத்திரம் எல்லாம் சேர்ந்து 3 டெராபைட். சங்கம் 4 டெராபைட் கொண்ட சுழலும் வட்டுகள் 8 வாங்கியிருக்கிறது. அவற்றை எப்படி அடுக்குவது?

‘வட்டு எங்கே அடிக்கடி பழுதாகப் போகிறது?’ என்று செயலாளர் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வட்டு ஓராண்டில் பழுதாகும் வாய்ப்பு நூற்றுக்கு 2 என்று கொள்வோம். எட்டு வட்டுகளில் ஒன்றாவது அவ்வாண்டில் பழுதாகும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 15 ஆகிவிடுகிறது. வட்டுகள் பெருகப் பெருகப் பழுதும் பெருகும். முன்னறிவிப்பு கிடைக்கும் என்றும் நம்பியிருக்க முடியாது. கூகுள் நிறுவனத்தார் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளை ஆராய்ந்து 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் குறிகளில் மிக முக்கியமான நான்கை அவர்கள் பார்த்தபோது, பழுதான வட்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை அந்நான்கில் ஒன்றையும் காட்டாமலே பழுதாகியிருந்தன.

நான்கு அடுக்கு முறைகள்

1988இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலியைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் என்னும் மூவர் ஒரு கட்டுரை படித்தனர். விலையுயர்ந்த பெருவட்டு ஒன்றுக்குப் பதிலாக மலிவான சிறுவட்டுகள் பலவற்றைச் சேர்த்துக் கட்டலாம் என்றும், பழுதைத் தாங்குவதற்காகச் சிறிது மிகைத் தகவலையும் உடன் வைக்கலாம் என்றும் அவர்கள் காட்டினர். ‘ரெய்டு’ என்னும் பெயர் அதிலிருந்து வந்தது. அதற்கும் முன்னரே, 1976 முதல் விற்பனைக்கு வந்த டாண்டம் நிறுவனத்தின் நில்லா எந்திரங்களில் ஒவ்வொரு வட்டுக்கும் இணைவட்டு வைக்கும் வழக்கம் இருந்தது.

முதல் முறை, வெறும் பங்கீடு. தகவலைத் துண்டு துண்டாக்கி எட்டு வட்டுகளிலும் பரப்புவது. 32 டெராபைட் முழுவதும் கிடைக்கும், வேகமும் மிகுதி. ஆயின் எட்டில் எது போனாலும் எல்லாம் போகும். கணக்கேட்டுக்கு இது ஆகாது.

இரண்டாவது முறை, கண்ணாடி இணை. இரண்டிரண்டு வட்டுகளாக நான்கு இணைகள் அமைத்து, ஓர் இணையின் இரு வட்டுகளிலும் ஒரே தகவலை எழுதி, இணைகளுக்குள் பங்கீடு செய்வது. இதுவே ரெய்டு 10. கிடைப்பது 16 டெராபைட்.

மூன்றாவது முறை, ஒற்றைப் பாரிட்டி; ரெய்டு 5. இதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். 7, 5, 9 என்னும் மூன்று எண்களை மூன்று வட்டுகளில் எழுதுகிறோம். அவற்றின் கூட்டுத்தொகை 21ஐ நான்காவது வட்டில் எழுதுகிறோம். 5 இருந்த வட்டு அழிந்தால், 21இலிருந்து 7ஐயும் 9ஐயும் கழித்து 5ஐ மீட்கலாம். எந்திரம் கூட்டலுக்குப் பதிலாக இரும எண்களின் ஒற்றைப்படை, இரட்டைப்படைக் கணக்கைக் கையாளுகிறது. அந்தத் தொகையையும் ஒரே வட்டில் வைக்காமல் எல்லா வட்டுகளிலும் மாற்றி மாற்றி வைக்கிறது. கருத்து ஒன்றே. எட்டு வட்டுகளில் ஏழின் கொள்ளளவு, அதாவது 28 டெராபைட் கிடைக்கும். ஒரு பழுதைத் தாங்கும்.

நான்காவது முறை, இரட்டைப் பாரிட்டி, ரெய்டு 6. இருவேறு தொகைகளை வைப்பதால் எந்த இரண்டு வட்டுகள் போனாலும் தாங்கும். கிடைப்பது 24 டெராபைட்.

எழுதுவதற்கு ஆகும் செலவு

கொள்ளளவை மட்டும் பார்த்தால் பாரிட்டி முறையே சிக்கனம். ஆனால் தரவுத்தளத்தின் தன்மையை நோக்க வேண்டும். அது பெரும் படங்களை ஒரே ஓட்டத்தில் எழுதுவதில்லை. இங்கொரு வரி, அங்கொரு வரி என்று சிறுசிறு திருத்தங்களையே ஓயாமல் எழுதுகிறது.

மேற்சொன்ன கணக்கில் 5ஐ 8 ஆகத் திருத்த வேண்டும் என்போம். பழைய 5ஐப் படிக்க வேண்டும். பழைய 21ஐப் படிக்க வேண்டும். 8ஐ எழுத வேண்டும். புதிய தொகையாகிய 24ஐ எழுத வேண்டும். ஒரு திருத்தத்துக்கு நான்கு வேலை. இரட்டைப் பாரிட்டியில் ஆறு. கண்ணாடி இணையிலோ இரு வட்டிலும் எழுதிவிட்டால் தீர்ந்தது, இரண்டே வேலை. ஒரு வட்டு நொடிக்கு 100 வேலை செய்யும் என்று கொண்டால், எட்டும் சேர்ந்து 800. அதில் கண்ணாடி முறை நொடிக்கு 400 திருத்தம் எழுதும். ஒற்றைப் பாரிட்டி 200. இரட்டைப் பாரிட்டி 133.

மற்றோர் இடரும் உண்டு. 8ஐ எழுதி 24ஐ எழுதுமுன் மின்சாரம் போய்விட்டால் என்னாகும்? தொகை 21 ஆகவே நிற்கும். அன்று எவருக்கும் தெரியாது. பின்னொரு நாள் 9 இருந்த வட்டு அழியும்போது, 21இலிருந்து 7ஐயும் 8ஐயும் கழித்து 6 என்று எந்திரம் மீட்டுத் தரும். திருத்தியவன் கணக்கு சரியாயிருக்க, தொடர்பே இல்லாத இன்னொருவன் கணக்கில் 9 ரூபாய் 6 ரூபாயாகிவிடும். பாரிட்டி முறையைக் கையாள்வோர் இதனைத் தடுக்க மின்கல ஆதரவுள்ள நினைவகத்தையோ, அதற்கென அமைந்த மென்பொருளையோ வைத்தே தீர வேண்டும்.

மீட்கும் நேரமே ஆபத்தான நேரம்

ஒரு வட்டு பழுதாகிறது, புதியதை மாட்டுகிறோம். பழைய தகவலைப் புதிய வட்டில் மீண்டும் எழுதி முடிக்கும்வரை சங்கம் மெல்லிய கயிற்றில் தொங்குகிறது. நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் 4 டெராபைட்டை நிரப்ப 11 மணி நேரத்துக்கு மேலாகும். சங்கத்தின் அன்றாட வேலையும் உடன் நடந்தால் இன்னும் நீளும்.

கண்ணாடி முறையில், பழுதான வட்டின் இணை ஒன்றை மட்டும் படித்தால் போதும். அதாவது 4 டெராபைட். ஒற்றைப் பாரிட்டியில் எஞ்சிய ஏழையும் முழுமையாகப் படிக்க வேண்டும்; அதாவது 28 டெராபைட். சாதாரண வட்டு பலவற்றுக்கு உற்பத்தியாளர் உறுதி கூறும் எல்லை, 100 லட்சம் கோடி பிட்டுகளில் ஒன்றுக்கு மேல் படிக்க முடியாமற் போகாது என்பதாகும். அது 12.5 டெராபைட். நல்ல வட்டு இவ்வெல்லையை விட நன்றாகவே உழைக்கும் என்பது மெய். ஆயினும் உறுதியின் எல்லையை இரு மடங்குக்கு மேல் தாண்டிப் படித்துத்தான் கணக்கை மீட்க வேண்டும் என்ற ஏற்பாட்டைப் பிறர் பணத்துக்கு நான் கைக்கொள்ள மாட்டேன். பெரிய வட்டுகளின் காலத்தில் ஒற்றைப் பாரிட்டி கணக்கேட்டுக்கு ஏற்றதன்று.

இனிப் போட்டி, கண்ணாடி இணைக்கும் இரட்டைப் பாரிட்டிக்குமே. இங்கே நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எந்த இரு வட்டுகள் போனாலும் தாங்குவது இரட்டைப் பாரிட்டிதான். கண்ணாடி முறையில் ஒன்று போனபின் அடுத்துப் போவது அதன் இணையாகவே இருந்தால் கதை முடிந்தது. எஞ்சிய ஏழில் அதற்கு ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அப்படியாயின் நான் ஏன் கண்ணாடி முறையைச் சொல்கிறேன்? ஹார்ட்லியின் மரப்பலகையை நினைவுகூருங்கள்.

ஒன்றாகச் சாவன எவை?

மேற்கண்ட கணக்கெல்லாம் ஒரு வட்டின் பழுதுக்கும் மற்றொரு வட்டின் பழுதுக்கும் தொடர்பில்லை என்று கொண்டவை. உண்மையில் அப்படியில்லை. ஒரே பெட்டியில் உள்ள வட்டுகள் ஒரே மின்வழங்கியை உண்கின்றன. ஒரே கட்டுப்பாட்டு அட்டைக்குக் கீழ்ப்படிகின்றன. ஒரே வெப்பத்தைத் தாங்குகின்றன. ஒரே நாளில் ஒரே தொகுதியிலிருந்து வாங்கப்பட்டவை.

2019 நவம்பரில் எச்.பி.ஈ. நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அது விற்ற திடநிலை வட்டு வகைகள் சிலவற்றில், உள்ளமைந்த மென்பொருளில் ஒரு குறை, சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் வட்டு செயலற்றுப்போகும், தகவலும் மீளாது, ஆகவே உடனே மென்பொருளைத் திருத்துக என்பது அறிவிப்பு. 32,768 மணி நேரம் என்பது 3 ஆண்டும் 270 நாளும் 8 மணியும். எண்ணிப் பாருங்கள்: எட்டு வட்டுகளையும் ஒரே நாளில் மாட்டியிருந்தால் எட்டும் ஒரே நேரத்தில் போகும். அங்கே பாரிட்டியும் காக்காது, கண்ணாடியும் காக்காது. திடநிலை வட்டில் அசையும் உறுப்பில்லையே, இனிக் கவலையில்லை என்பார்க்கு இது மறுமொழி.

ஆகவே நான் சொல்லும் ஏற்பாடு இது. வட்டுகளை இரு பெட்டிகளில் நான்கு நான்காக வைக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் தனி மின்வழங்கி, தனி யு.பி.எஸ்., தனிக் கட்டுப்பாட்டு அட்டை. ஒவ்வொரு கண்ணாடி இணையிலும் ஒரு வட்டு இப்பெட்டியில், மற்றது அப்பெட்டியில். இணையின் இரு வட்டுகளும் வெவ்வேறு உற்பத்தியாளருடையவையாக, அல்லது வெவ்வேறு காலத்தில் வாங்கியவையாக இருக்க வேண்டும். இப்போது ஒரு பெட்டி முழுதும், நான்கு வட்டுகளோடு, செயலற்றுப் போனாலும் சங்கத்தின் வேலை நிற்காது. எட்டு வட்டு இரட்டைப் பாரிட்டியை இவ்வாறு பிரித்து வைத்தால் பெட்டி ஒன்று போனதும் நான்கு வட்டுகள் போகும். அது தாங்குவது இரண்டையே. இதுதான் தீர்ப்புக்குக் காரணம். கண்ணாடி இணை ஒன்றே இங்கு உண்மையில் இரண்டாவது ஷாஃப்டாக அமைகிறது.

நான்கு இணைகளில் ஒன்றைப் பதிவேட்டுக்கென்றே ஒதுக்குவேன். தரவுத்தளம் எந்தத் திருத்தத்தையும் முதலில் ஒரு வரிசைக் குறிப்பேட்டில் எழுதி உறுதி செய்தபின்னரே உரிய இடத்தில் மாற்றுகிறது. கடைக்காரர் முதலில் குறிப்பில் எழுதிக்கொண்டு பிறகு பேரேட்டில் ஏற்றுவதைப் போல. உறுப்பினர் கையில் ரசீது கொடுக்கலாமா என்பதை முடிவு செய்வது இந்தக் குறிப்பேடே. மேலும் அது வரிசையாக ஓடுவது. பேரேட்டு வேலையோ அங்குமிங்கும் தாவுவது. இரண்டும் ஒரே வட்டில் இருந்தால் ஒன்றையொன்று தடுக்கும். எஞ்சிய மூன்று இணைகளில் பேரேடு. 12 டெராபைட் கிடைக்கிறது. 3 டெராபைட் சங்கம் வளர இடம் தாராளம். அலமாரியில் உதிரி வட்டு இரண்டு.

பழைய பத்திரங்களின் படிமம் போல ஒருமுறை எழுதிப் பலமுறை படிக்கும் பொருளுக்கு இரட்டைப் பாரிட்டி மிக நன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். முறைக்குக் குறையில்லை; பொருளுக்குத் தக்க முறை வேண்டும்.

கண்ணாடி தவற்றையும் காட்டும்

இத்தனையும் செய்தபின் கணக்கு பத்திரம் என்று கருதினால் ஏமாறுவோம். டாண்டம் நிறுவனத்தில் பணியாற்றிய ஜிம் கிரே என்னும் அறிஞர் 1985இல், தங்கள் எந்திரங்கள் நின்றதற்கான காரணங்களை வகைப்படுத்தினார். வட்டு உள்ளிட்ட வன்பொருளின் பழுது நூற்றுக்கு 18. நிர்வாகமும் இயக்குவோர் செயலும் நூற்றுக்கு 42. வட்டைவிட மனிதரே பெருங் காரணம்.

ஓர் ஊழியர் தவறி ஒரு பட்டியலை அழித்துவிட்டால், கண்ணாடி அதனை அக்கணமே மறு வட்டிலும் பணிவோடு அழித்துவிடும். 2017 ஜனவரி 31ஆம் நாள் கிட்லாப் என்னும் மென்பொருள் நிறுவனத்தில் இத்தகையது நடந்தது. பொறியாளர் ஒருவர் இரவில் ஒரு சிக்கலைத் தீர்க்கும்போது, துணை எந்திரத்தில் அழிப்பதாக எண்ணி முதன்மை எந்திரத்தின் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். அங்கே காப்பு முறைகள் ஐந்து இருந்தன; அவ்வேளையில் ஒன்றும் செவ்வனே செயல்படவில்லை என்று அந்நிறுவனமே வெளிப்படையாக அறிவித்தது. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்த ஒரு படியே கைகொடுத்தது. இடைப்பட்ட ஆறு மணி நேரப் பதிவுகள் போயின.

எனவே நம் சங்கத்துக்கு இன்னும் மூன்று ஏற்பாடுகள் வேண்டும். முதலாவது, குறிப்பேட்டின் படி உடனுக்குடன் வேறு ஊரில் உள்ள இன்னோர் எந்திரத்துக்குச் செல்ல வேண்டும். மாரிகுப்பத்துக் கட்டடத்தில் தீப்பிடித்தால் பங்காருப்பேட்டையில் கணக்கு இருக்கும். இரண்டாவது, நாள்தோறும் தேதியிட்ட ஒரு முழுப்படி எடுத்து, இணைப்பைத் துண்டித்து, பூட்டி வைக்க வேண்டும். தவறான ஆணையும் வஞ்சக மென்பொருளும் எட்டாத படி அது. மூன்றாவது, மாதம் ஒருமுறை அந்தப் படியிலிருந்து கணக்கை வேறோர் எந்திரத்தில் மீட்டு, மொத்த இருப்பு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத படி, ஏறிப் பார்க்காத ஏணி போன்றது.

செலவு மிகுதி என்று செயலாளர் சொல்வார். எட்டு வட்டு வாங்கி நான்கின் பயனே பெறுகிறோம் என்பார். அவரிடம் வட்டின் விலையைப் பேசாதீர்கள். ரயிலில் நின்றுகொண்டே போய் வந்து ஒருவர் இருபதாண்டு சேர்த்த தொகை எவ்வளவு என்று சங்கம் நிரூபிக்க முடியாத நாள் ஒன்று வந்தால், அன்று அவர் யாரிடம் போய்க் கேட்பார் என்று மட்டும் வினவுங்கள்.

பயிற்சி

படித்ததைக் கணக்காகச் செய்து பார்ப்பவர்க்கே அது நிலைக்கும். 4 டெராபைட் வட்டுகள் 12ஐ மூன்று பெட்டிகளில் நான்கு நான்காக வைத்திருக்கிறார்கள். எந்த ஒரு பெட்டி முழுதும் போனாலும் கணக்கு நிற்க வேண்டும். கண்ணாடி இணையை எவ்வாறு பிரிப்பீர்கள்? கிடைக்கும் கொள்ளளவு எவ்வளவு? பெட்டிக்கு ஒரு வட்டாக மூன்று மூன்று வட்டுகளைச் சேர்த்து, நான்கு ஒற்றைப் பாரிட்டித் தொகுதிகள் அமைத்தால் கொள்ளளவு எவ்வளவு? அதற்காக எழுதும் வேகத்திலும் மீட்கும் நேரத்திலும் என்ன விலை கொடுக்கிறோம்? விடைகளோடு சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள். கரும்பலகையில் போட்டுப் பார்ப்போம்.